நோயாளியை மொழிபெயர்க்கச் சொல்லாதீர்கள்

கொச்சியில் தமிழ்த் தொழிலாளர்களுக்கான நம் உதவி மேசைக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். ரேஷன் கார்டு எப்படிப் புதுப்பிப்பது, எந்த அலுவலகத்துக்கு யாரை அனுப்புவது என்பதையெல்லாம் மற்றவர்கள் சொல்லித் தருவார்கள். நான் எழுத நினைப்பது வேறு. ஒருவர் கைப்பேசியை உங்கள் முகத்துக்கு நேரே நீட்டி, "இது நெசமாண்ணே?" என்று கேட்பார். அதில் ஒரு வீடியோ ஓடிக்கொண்டிருக்கும். நம் வேலையிலேயே கடினமான இடம் அதுதான். சரியான பதில் உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஆனால் பதில் தெரிந்திருப்பது மட்டும் எதற்கும் உதவாது. ஓய்வு பெறுவதற்குக் கொஞ்ச காலம் முன்பு ஒரு வீட்டு வாசலில் நின்றபோது அது எனக்கு நன்றாகப் புரிந்தது.

நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். போடியிலிருந்து ஏலக்காய் லாரியில் ஏறியவன் எங்கெங்கோ இறங்கினேன். ஆலுவாவில் ஹோட்டல் மாவாட்டினேன், வைப்பினில் படகுக்குச் சாயம் பூசினேன், தோப்பும்படி ஐஸ் பிளான்டில் பாளம் உடைத்தேன். ஓரிடத்தில் கால் தரிக்காது. ஐஸ் பிளான்டில் ஒரு விரலின் நுனி போயிற்று. அதற்காக ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, பக்கத்துக் கட்டில் தமிழனுக்கு டாக்டர் மலையாளத்தில் சொன்னதை எடுத்துச் சொன்னேன். பிறகு அடுத்த கட்டிலுக்கும் கூப்பிட்டார்கள். இந்த வேலை எனக்குக் கிடைத்தது அப்படித்தான்.

சுடலைமுத்துவும் இசக்கியம்மாவும் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்கள். சுடலைமுத்து மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் சுக்குக் கிடங்கில் மூட்டை தூக்குகிறார். இசக்கியம்மா படகுத்துறைக்குப் போகும் வழியில் இட்லிக்கடை போட்டிருக்கிறார். ஒரே மகள் அனிதா, பிளஸ் ஒன் படிக்கிறாள். இங்கேயே வளர்ந்ததால் தமிழ் பேசுவாளே தவிர, எழுதப் படிக்க அவளுக்கு மலையாளம்தான். பெற்றோர் மலையாளத்தில் பேரம் பேசுவார்கள், சண்டைகூடப் போடுவார்கள். ஆனால் டாக்டர் பேசும் மலையாளம் அவர்களுக்குப் பிடிபடாது. கரண்ட் பில்லிலிருந்து பள்ளிக்கூட நோட்டீஸ் வரை எல்லாவற்றையும் அனிதாதான் படித்துச் சொல்வாள். மட்டாஞ்சேரித் தமிழ் வீடுகளில் இதுதான் வழக்கம். வெளியுலகத்தோடு பேசுவதற்குப் பிள்ளைதான் வாய்.

அந்தப் பிள்ளைக்கே நோய் வந்தது. குடம் குடமாகத் தண்ணீர் குடித்தாள், எலும்பும் தோலுமாக இளைத்தாள். ஆஸ்பத்திரியில் டைப் ஒன் சர்க்கரை நோய் என்றார்கள். இன்சுலின் தொடங்கியது. வீட்டில் ஃப்ரிட்ஜ் இல்லாததால், பக்கத்து வீட்டு மலையாள அக்கா கதீஜா இத்தா தன் ஃப்ரிட்ஜின் கதவில், முட்டைகளுக்குப் பக்கத்தில், மருந்துக்கு இடம் கொடுத்தார். நம் மேசைக்கு இந்தக் குடும்பம் வரவேயில்லை. மொழி தெரிந்த ஆள் வீட்டிலேயே இருக்கும்போது எதற்கு வர வேண்டும்?

சில மாதங்கள் கழிந்தன. ஒரு முற்பகலில் கதீஜா இத்தா மூச்சிரைக்க மேசைக்கு வந்தார்.

"அண்ணாச்சி, ஆ கொச்சு இப்போ மருந்து எடுக்க வரணில்லல்லோ! குறே திவசமாயி. இன்னு இசக்கியுடெ கடையும் தொறந்நிட்டில்லா."

பிள்ளை பல நாளாக மருந்தெடுக்க வரவில்லை, தாயின் கடையும் மூடிக் கிடக்கிறது. நான் செருப்பைச் சரியாக மாட்டாமலே கிளம்பினேன்.

சுடலைமுத்து வாசலில் நின்றிருந்தார். முகத்தில் கவலை இல்லை. சொல்லப்போனால் ஒரு பெருமை இருந்தது.

"வாங்க அண்ணாச்சி. மருந்து வேலை செய்யுது பாத்துக்கிடுங்க."

"எந்த மருந்து?"

"பொடி. வீடியோவுல நம்ம ஊருக்கார டாக்டர் ஒருத்தரு சொல்லுதாருல்லா, அந்தப் பொடி. ஊசியக் கொஞ்சங் கொஞ்சமாக் கொறைச்சோம், சுகரு ஏறவே இல்ல. சரின்னு நிறுத்தியாச்சு. இப்பம் உள்ள கெடந்த கழிவெல்லாம் வாந்தியா வெளிய போவுது. அப்படித்தான் போவும்னு அவரு மொதல்லயே சொல்லிட்டாரு."

உள்ளே அனிதா பாயில் கிடந்தாள், இசக்கியம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். கண் பாதி மூடியிருந்தது. ஓடிவந்தவள்போல ஆழமாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். அவள் வாயிலிருந்து அழுகத் தொடங்கிய பழத்தின் வாடை வந்தது. அந்த வாடையை நான் ஆஸ்பத்திரி வார்டுகளில் அறிந்திருக்கிறேன். இன்சுலின் இல்லாத உடம்பு தன்னைத்தானே எரித்துக்கொள்ளும்போது வருவது. இன்னும் தாமதித்தால் பிள்ளை பிழைக்க மாட்டாள்.

இங்கே கொஞ்சம் நில்லுங்கள். அப்போது என் முன்னால் இரண்டு வேலைகள் இருந்தன. ஒன்று, பிள்ளையை ஆஸ்பத்திரிக்குத் தூக்குவது. மற்றது, வீடியோ பொய் என்று நிரூபிப்பது. இரண்டாவதில் கை வைத்திருந்தால் முதலாவது நடந்திருக்காது. அவர்கள் அந்த மனிதனை நம்பியது முட்டாள்தனத்தால் அல்ல. இத்தனை வருஷத்தில் அவர்களிடம் நோயைப் பற்றி அவர்களுடைய பேச்சிலேயே பேசிய ஒரே டாக்டர் அவன்தான்.

நான் சந்துக்கு வந்தேன். அந்தச் சந்தில் ஆம்புலன்ஸ் நுழையாது. தெரிந்த ஆட்டோக்காரரைக் கூப்பிட்டேன். அடுத்து அரசின் சுகாதார உதவி எண்ணுக்கு அடித்து, டைப் ஒன், இன்சுலின் நிறுத்திவிட்டார்கள், வாந்தி, மூச்சு இப்படி என்றேன். மறுமுனையில் இருந்த பெண் ஒரு கேள்விகூட வீணாகக் கேட்கவில்லை. பாலம் தாண்டி, குழந்தைகளுக்குத் தீவிர சிகிச்சை உள்ள அரசு ஆஸ்பத்திரியின் பெயரைச் சொன்னாள். வழியில் வேறெங்கும் நிறுத்தாதீர்கள், நான் அங்கே தகவல் சொல்லிவிடுகிறேன் என்றாள்.

திரும்பி வந்தால், சுடலைமுத்து நிலைப்படியின் இரண்டு பக்கமும் கையை ஊன்றி வழியை அடைத்து நின்றார்.

"இப்பம் கொண்டுபோனா இத்தன நாளு பொடி குடிச்சதெல்லாம் பாழாப் போவும் அண்ணாச்சி. புள்ள சோர்வாக் கெடக்கா, அவ்வளவுதான். முக்குல உள்ள கிளினிக்குல ஒரு குளுக்கோஸ் ஏத்திட்டு வந்துருவோம்."

உடம்பு வலித்தால் ஒரு குளுக்கோஸ், காய்ச்சல் விட்டால் ஒரு குளுக்கோஸ். மூட்டை தூக்குகிறவர்களுக்கு அதில் அப்படி ஒரு நம்பிக்கை. சர்க்கரை தலைக்கு மேல் ஏறிக் கிடக்கும் பிள்ளைக்குச் சர்க்கரைத் தண்ணீர்! எனக்கு வாய் வரை வந்தது. விழுங்கிக்கொண்டேன்.

இசக்கியம்மாவிடம் சொன்னேன்: "தங்கச்சி, அந்த டாக்டருக்கே போனப் போடுங்க. புள்ளை எப்படிக் கிடக்கான்னு சொல்லுங்க. என்ன சொல்றாருன்னு எல்லாருமாக் கேப்போம்."

அவன் என்ன சொன்னாலும் அனிதா ஆட்டோவில் ஏறுவாள் என்று நான் முடிவு செய்திருந்தேன். ஆட்டோ வந்து சேரும் வரை அந்த வாசல் கைகலப்பில் முடியாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இசக்கியம்மா ஸ்பீக்கரில் போட்டார். ஒரு பெண் இனிமையாகப் பேசினாள்.

"வணக்கம்மா. எத்தனை டப்பா வேணும்?"

"டப்பா வேண்டாம். டாக்டர்ட்ட குடு. எம்புள்ள மேமூச்சு கீமூச்சு வாங்கிட்டுக் கெடக்கா."

"பயப்படாதீங்கம்மா, நச்சு வெளியேறுது. நல்ல அறிகுறிதான். வேளைக்கு ரெண்டு ஸ்பூனாக் குடுங்க. இப்ப ஆஃபர்ல..."

"டாக்டர்ட்ட குடுன்னேன்."

"சார் ஷூட்டிங்ல இருக்காரும்மா."

இசக்கியம்மா கைப்பேசியை முகத்துக்கு நேரே பிடித்து ஒரு தரம் பார்த்தார்.

"ஷூட்டிங்கா? டாக்டருக்கு என்னட்டி ஷூட்டிங்கு?"

"வீடியோ எடுத்துட்டு இருக்காங்கம்மா. முடிஞ்சதும்..."

"சரி, உங்க ஆஸ்பத்திரி எங்க இருக்கு? எடத்தச் சொல்லு. இப்பமே புள்ளையத் தூக்கிட்டு வாரோம். எம்புட்டுத் தூரம்னாலும் வாரோம்."

அந்தப் பெண் உண்மையைச் சொன்னாள். பாவம், அவளும் சம்பளத்துக்கு உட்கார்ந்திருப்பவள்தானே.

"ஆஸ்பத்திரியெல்லாம் கிடையாதும்மா. ஆன்லைன் மட்டும்தான்."

இசக்கியம்மா கைப்பேசியைக் கணவரிடம் நீட்டினார். "இந்தாங்க. நீங்களே கேளுங்க."

அவர் வாங்கவில்லை. நிலைப்படியிலிருந்து அவர் கைகள் மட்டும் இறங்கின. அதே நேரம் சந்து முனையில் ஆட்டோ ஹாரன் கேட்டது. மகளைத் தூக்கியது சுடலைமுத்துதான். மூட்டை தூக்கிப் பழகிய தோள். சந்தில் நிறுத்தியிருந்த ஸ்கூட்டர்களைக் காலாலேயே ஒதுக்கிக்கொண்டு எங்களுக்கு முன்னால் ஓடினார். கதீஜா இத்தா இன்சுலின் குப்பியை ஈரத்துணியில் சுற்றி என் சட்டைப் பையில் திணித்தார், டாக்டரிடம் காட்டுவதற்காக.

தோப்பும்படியில் மீன் லாரிகள் வழியை அடைத்து நின்றன. ஆட்டோக்காரர் உடம்பில் பாதியை வெளியே நீட்டி, "மாறிக்கோ! கொச்சினு வய்யா! மாறடா!" என்று, பிள்ளைக்கு முடியவில்லை விலகு என்று மலையாளத்தில் கத்தியபடியே வண்டியை நுழைத்தார். பாலத்தில் ஏறியபோது அனிதா தாயின் மடியில் ஏதோ முனகினாள். இசக்கியம்மா குனிந்து கேட்டுவிட்டு, "தண்ணி கேக்கா" என்றார். கேட்கத் தெரிகிறதே என்று எனக்குக் கொஞ்சம் உயிர் வந்தது.

ஆஸ்பத்திரி வாசலில் ஸ்ட்ரெச்சர் காத்திருந்தது. அனிதாவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். உதவி எண்ணில் பேசிய அந்தப் பெண்ணை நான் இன்று வரை பார்த்ததில்லை. பார்த்தால் கையெடுத்துக் கும்பிடுவேன்.

மறுநாள் சாயங்காலம் அனிதா எழுந்து உட்கார்ந்தாள். அவள் முதலில் கேட்டது பொரோட்டா. "செத்துப் பொழைச்சு வந்து கேக்குறதப் பாரு!" என்று இசக்கியம்மா சிரித்தார். சிரித்துக்கொண்டே சுவர்ப் பக்கம் திரும்பி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

உண்மை வெளிவந்தது அதற்குப் பிறகு. டாக்டர் ஓர் இளம்பெண்; முதலில் அனிதாவின் நோயைக் கண்டுபிடித்து இன்சுலின் தொடங்கியவரும் அவர்தான். வந்ததும் கோபத்தோடு ஏன் ஊசியை நிறுத்தினீர்கள் என்று கேட்டார். நான் எடுத்துச் சொன்னேன். சுடலைமுத்து நிமிர்ந்து, "நீங்கதானம்மா கொஞ்ச மாசம் போட்டாப் போதும்னு சொன்னீங்க? சொன்ன மாசம் கழிஞ்சிட்டே" என்றார். அதையும் எடுத்துச் சொன்னேன். டாக்டர் திகைத்துப் போனார். தான் அப்படிச் சொல்லவே இல்லை, ஆயுள் முழுக்கப் போட வேண்டும் என்று திரும்பத் திரும்பச் சொல்லி அனுப்பியதாகச் சொன்னார்.

எல்லோரும் கட்டிலைப் பார்த்தோம். அனிதா போர்வையைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

"நான்தாம்மா மாத்திச் சொன்னேன்" என்றாள். "ஜீவிதம் முழுக்க ஊசின்னு சொன்னா நீ கரைஞ்சு அழுவே. எனக்கே அதைக் கேட்க வய்யா, பின்ன உங்ககிட்ட எப்படிச் சொல்ல? அந்தப் பொடி வந்தப்போ, அது சரியாயிருக்கணும்னு நானும் பிரார்த்திச்சேன்."

தன் நோயைத் தானே மொழிபெயர்க்க வேண்டிய இடத்தில் ஒரு பிள்ளையை உட்கார வைத்திருந்தோம். அவள் தன் பெற்றோருக்கு எது தாங்குமோ அதை மட்டும் சொன்னாள். அவள் சொன்னதோடு வீடியோக்காரன் சொன்னது அச்சாகப் பொருந்திப் போயிற்று. பெற்றோர் டாக்டரின் பேச்சை மீறியதாக ஒரு நாளும் நினைக்கவில்லை. அதோடு இன்னொன்று. இந்த நோயைக் கண்டுபிடித்து ஊசி தொடங்கியதும், சிலருக்குக் கொஞ்ச காலம் உடம்பே ஓரளவு இன்சுலின் சுரக்கும், குறைந்த ஊசியே போதும் என்று டாக்டர் விளக்கினார். சரியாக அந்த நாட்களில்தான் பொடி வீட்டுக்குள் வந்திருந்தது. பெயரைப் பொடி தட்டிக்கொண்டு போயிற்று.

இசக்கியம்மா மகளைத் திட்டுவார் என்று நினைத்தேன்.

"சீக்காளியப் போயிப் பேச விட்டுட்டு நாங்க வாயப் பாத்துட்டு இருந்திருக்கோம்" என்று மட்டும் சொன்னார். பிறகு என்னைக் கையமர்த்திவிட்டு, தன்னுடைய சந்தை மலையாளத்தில் டாக்டரிடம் நேராகவே கேட்டார். "என்றெ மோளு படிக்குமோ? ஜோலிக்குப் போகுமோ? கல்யாணம்? குட்டிகள்?"

எல்லாம் நடக்கும், ஊசி மட்டும் நிற்கக் கூடாது என்றார் டாக்டர். "அம்புட்டுத்தானா?" என்றார் இசக்கியம்மா.

அதனால்தான் சொல்கிறேன். நோயாளி எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் அவரை மொழிபெயர்க்கச் சொல்லாதீர்கள். அந்த வீட்டில் முடிவு எடுப்பவர் யாரோ, அவர் காதில் அவருடைய மொழியில் முழுச் செய்தியும் விழ வேண்டும். சொல்பவர் கட்டிலில் கிடப்பவராக இருக்கக் கூடாது. அதற்குத்தான் நாம் இருக்கிறோம்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு இசக்கியம்மா கைப்பேசியோடு மேசைக்கு வந்தார். இதில் எது நல்லது, எது கெட்டது என்று காட்டச் சொன்னார். நான் இரண்டு மாநிலங்களின் அரசு சுகாதாரப் பக்கங்களையும், ஒரு மருத்துவக் கல்லூரி தமிழில் போட்டிருந்த பக்கத்தையும் திறந்தேன். எழுதியவர் யார், எப்போது திருத்தியது, எந்த அறிகுறி வந்தால் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும் என்பதெல்லாம் அவற்றில் எங்கே இருக்கிறது என்று காட்டினேன். இசக்கியம்மா கண்ணைச் சுருக்கிக்கொண்டு திரையை மேலும் கீழும் தள்ளினார்.

"இதுல ஒண்ணும் விக்கலியே?"

"இல்ல."

"பின்ன எதுக்கு இம்புட்டும் எழுதிப் போட்டிருக்காங்க?"

"அது அவங்க வேலை. சம்பளம் வாங்குறாங்க."

"அப்பம் சரி" என்றார். "ஆனா ஒண்ணு அண்ணாச்சி. அந்தப் பொடிக்காரனுக்குப் பொறத்தால மலையும் அருவியுமா இருந்துச்சு. இவங்க ஒரு பூச்சட்டிகூட வைக்கலியே."

மற்ற உதவிகள் எல்லாம் எங்கோ தூரத்தில் இல்லை. குழந்தைகளுக்கு இன்சுலின் கொடுக்கும் அரசுத் திட்டம் இருந்தது. அந்த வட்டாரத்தின் ஆஷா சுகாதாரப் பணியாளரான சேச்சி அதே சந்தில் வாரந்தோறும் நடந்து போய்க்கொண்டிருந்தார். இந்த நோயுள்ள பிள்ளைகளின் பெற்றோர் எறணாகுளத்தில் கூடிப் பேசுவார்கள். அத்தனையும் மலையாளத்தில் இருந்தன, அவ்வளவுதான் குறை. நான் ஒவ்வொன்றுக்கும் அவர்களைக் கூட்டிப் போனேன். முதல் தடவை நான் பேசினேன். அடுத்த தடவை இசக்கியம்மாவே பேசினார்.

அந்த டாக்டர் ஒரு நாள் என்னிடம், டைப் ஒன் பற்றித் தமிழில் ஒரு குரல் பதிவு செய்து தர முடியுமா, இங்குள்ள தமிழ் வீடுகளுக்கு அனுப்பலாமே என்று கேட்டார். அவர் சொன்னதை வரிக்கு வரி தமிழில் பேசிப் பதிந்து இசக்கியம்மாவுக்குப் போட்டுக் காட்டினேன்.

"என்ன அண்ணாச்சி, எழவு வீட்டுல துட்டி கேக்க வந்த மாதிரிப் பேசுதீங்க! எவன் கேப்பான் இத? கொண்டாங்க இங்க."

அவரே பேசினார். அனிதா பக்கத்தில் இருந்து, "அம்மா, பெரியவங்க ஷுகர் வேற, இது வேற. அதைச் சொல்லு" என்று திருத்திக்கொண்டே இருந்தாள். டாக்டருக்கு வரிவரியாக மலையாளத்தில் சொல்லிக் காட்டி, சரி என்ற பிறகுதான் அனுப்பினோம். அது இப்படித் தொடங்கும்: "ஏ, இங்க கேளுங்க. நான் டாக்டரு இல்ல, இட்லி விக்கிறவ. பொடிய நம்பி எம்புள்ளையக் கொல்லப் பாத்தேன்." முடியும்போது, "நான் சொல்லுததையும் அப்படியே நம்பாதீங்க. எந்திரிச்சுப் போயி ஆஸ்பத்திரில கேளுங்க" என்று வரும். அந்தப் பதிவு மட்டாஞ்சேரியைத் தாண்டிப் போயிற்று. வைப்பின் படகுக்காரர்களின் கைப்பேசியில் கேட்டதாகச் சொன்னார்கள். யார் யாருக்கு அனுப்பினார்கள் என்று எங்களுக்கே தெரியாது.

ஒரு காலையில் இசக்கியம்மா கடையில் சாயா குடித்துக்கொண்டிருந்தேன். கட்டட வேலைக்காரர் ஒருவர், சேலம் பக்கத்துப் பேச்சு, தேவராவிலிருந்து விசாரித்துக்கொண்டு வந்திருந்தார். கைப்பேசியைப் பலகைமேல் வைத்து ஒரு பதிவைப் போட்டார். இசக்கியம்மாவின் குரல் இசக்கியம்மாவுக்கு முன்னாலேயே ஒலித்தது. கரண்டி பிடித்த கை அப்படியே நின்றது.

"இந்தம்மா சொல்றது நெசமான்னு கேக்கத்தான் வந்தேனுங்க" என்றார் அவர். "தமிழ் ஆளுங்களுக்கு இங்க ஒரு ஆபீஸ் இருக்குதாமே? என் தங்கச்சி புள்ளைக்கு இதே நோவு. பொடி வாங்கி வெச்சிருக்கோம். பிரிக்கிறதுக்கு முன்னாடி ஒரு வார்த்த கேட்டுக்கலாம்னு."

இத்தனை வருஷ வேலையில் எனக்குக் கிடைத்த பெரிய பரிசு அந்த வாக்கியம். பிரிக்கிறதுக்கு முன்னாடி.

இசக்கியம்மா முகத்தை மாற்றிக்கொள்ளாமல் கேட்டார். "குரலக் கேட்டா எப்படித் தோணுது? நம்புத மாதிரி இருக்கா?"

"கொஞ்சம் ரவுடி மாதிரி இருக்குதுங்க."

எனக்குச் சாயா புரையேறிவிட்டது. இசக்கியம்மா ஒரு தட்டில் இட்லிகளை அடுக்கி அவர் முன்னால் வைத்தார். "சாப்பிடுங்க மொதல்ல. அப்புறம் இந்த அண்ணாச்சி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவாரு. அந்த ரவுடி பேச்ச விட்டுட்டு டாக்டரம்மாகிட்ட கேளுங்க."

அப்போது அனிதா பள்ளிக்கூடச் சீருடையில் பையோடு வந்தாள். பெஞ்சில் உட்கார்ந்து, சட்டையை ஒதுக்கி வயிற்றில் ஊசியைப் போட்டுக்கொண்டாள். பென்சில் சீவுவதுபோல அவ்வளவு சாதாரணமாக. தட்டை இழுத்து, சட்னியைத் தாராளமாக ஊற்றிக்கொண்டு, "அம்மே, உன் ஒச்சை ஜங்ஷன் வரை கேட்குது. அங்கேயும் யாரோ அந்த ரெக்கார்டைப் போட்டுட்டு இருக்கான்" என்றாள்.

அந்த மனிதர் தாயைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். அனிதா இரண்டாவது தடவை இட்லி வாங்கும் வரை பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு என்னிடம் ஒன்றும் கேட்காமல் கைப்பேசியை எடுத்து வீட்டுக்கு அடித்தார்.

"ஏம்மா, அந்த டப்பாவப் பிரிக்காத. பாப்பாவக் கெளப்பி வை. நான் வந்துட்டே இருக்கேன்."